இடி விழுந்த பலநாள் படகு: கொட்பேயில் பார்த்த வேலை

படகில் ஏறியதும் முதல் வேலையாக இரண்டு இடங்களைத் தேடினேன்: மின்னல் நுழைந்த இடம், அது கடலுக்குள் இறங்கிய இடம். எது எரிந்தது, எது தப்பியது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. இந்தப் பழக்கம் எனக்குப் படகு வேலையில் வந்ததில்லை. மலேசியாவின் கிழக்குக் கரையில் கெர்த்தே என்றொரு ஊர் இருக்கிறது. கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஹெலிகொப்டர்கள் அங்கிருந்து பறக்கும். அங்கே ஹாங்கரில் ஸ்பானர் பிடித்த வருடங்களில் கையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது திருகோணமலையில் படகு வயரிங், றேடியோ, டைனமோ வேலைதான் சோறு போடுகிறது.

பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற இந்தப் படகு கிண்ணியாக்காரர் ஒருவருடையது; நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். பைபர் உடம்பு, 40 அடியைத் தாண்டும், 24 வோல்ட் பற்றரி, லொறி எஞ்சினைக் கடலுக்கு மாற்றிப் போட்ட டீசல். ஒக்டோபர் மாதம், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட இடிக்காலம். பின்னேரமானால் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, இருட்டுப்படும்போது கடல் பக்கம் தள்ளிவிடும். மீனோடு திரும்பி வரும்போது கொட்டியார்க்குடா வாயில், ஃபவுல் பொயின்ட் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இடி விழுந்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஓட்டிக்கு இரண்டு கையும் விறைத்துப்போனது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

எஞ்சின் நிற்கவே இல்லை. பழைய ஆட்கள் எலக்ட்ரோனிக் எஞ்சினைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். டீசல் பம்ப் முழுக்க இயந்திரம். கரண்டே இல்லாவிட்டாலும் டீசலும் காற்றும் கிடைத்தால் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் படகு தன் காலிலேயே திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதனாலேயே நானாவுக்கும் அவசரம் பிடித்தது.

"எஞ்சின் ஓடுது, பாதி லைட்டு எரியுது. றேடியோவும் ஜிபிஎஸ்ஸும்தானே போயிருக்கு? அதை மாத்தித் தந்தா ஐஸ் ஏத்திடலாம்தானே தம்பி?"

"ஓடுற எஞ்சினைப் பற்றித்தான் நானா எனக்கு யோசனை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேலை கூட்டிக் காசு பறிக்கிற ஆளோ என்ற பார்வை. அதில் பிழை சொல்ல முடியாது. துறைமுகத்தில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே அன்றைக்கு அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

1995 ஜனவரி 19, ஸ்கொட்லாந்தின் அபர்டீனிலிருந்து வடகடல் எண்ணெய் மேடைக்குப் போன சூப்பர் பூமா ஹெலிகொப்டரை மின்னல் தாக்கியது. வால் சுழலியின் இறக்கையில் ஒரு துண்டு போனது. அந்தச் சமநிலைக் கேட்டில் ஆடி ஆடி, சில நிமிடங்களில் வால் கியர்பொக்ஸே கழன்றுவிட்டது. விமானி பொங்கும் கடலில் இறக்கினார். இருந்த 18 பேரும் தப்பினார்கள். இது கண்ணுக்குத் தெரிந்த சேதம். ஹாங்கரில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது அடுத்ததை. 2002 ஜூலை 16, அதே வடகடலின் தென்பகுதியில் சிகோர்ஸ்கி எஸ்-76 ரக ஹெலிகொப்டர் ஒன்றின் பிரதான இறக்கை பறக்கும்போதே முறிந்து, 11 பேரும் இறந்தார்கள். அந்த இறக்கை 1999 இல் மின்னல் வாங்கியது. உற்பத்தியாளரிடமே அனுப்பி, சோதித்து, பாவிக்கலாம் என்று திரும்பி வந்தது. உள்ளே டைட்டானியத் தண்டில் மின்னல் சுட்ட ஒரு நுண்ணிய இடம் இருந்திருக்கிறது. தயாரிப்பிலேயே இருந்த ஒரு சிறு குறை மின்சாரத்தை அந்த இடத்துக்கு இழுத்திருக்கிறது. அங்கிருந்து விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்து மூன்று வருடத்துக்குப் பிறகு ஆளைக் கொன்றது.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எஞ்சினையும் பாருங்க. ஆனா சுருக்கா" என்றார்.

ஹெலிகொப்டரில் மின்னல் பெரும்பாலும் இறக்கை நுனியில் நுழையும். இறக்கை, மையம், சுழல் தண்டு, கியர்பொக்ஸ் பெயரிங்குகள், பிறகு வால் வழியாக வெளியே. இந்தப் பாதையில் மின்சாரம் பெயரிங்குக்குள் போகாமல் சுற்றிப் போக வேண்டும் என்றுதான் மூட்டுக்கு மூட்டு செப்புப் பின்னல் நாடா கட்டியிருக்கும். மின்னல் வாங்கிய இயந்திரம் தரைக்கு வந்தால் பாதை முழுவதையும் கையால் தடவிப் பார்ப்போம்: நுனியில் எரிந்த புள்ளி, நாடாவில் கருகல், இறக்கையில் அடுக்கு பிரிந்த சத்தம், எண்ணெயில் உலோகத் துகள், இரும்புப் பாகங்களில் காந்தம். கையேட்டில் எது இருந்தால் எதைக் கழற்றி அனுப்ப வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். படகுக்கு அப்படிக் கையேடு கிடையாது. ஆனால் பாதை ஒன்றுதான்: மேலே ஒரு நுனி, நடுவில் சுழல்கிற பாகங்கள், கீழே தண்ணீர்.

நுழைந்த இடம் தேடாமலே தெரிந்தது. கம்பத்தின் உச்சியில் இருந்த விஎச்எஃப் (கிட்டத் தூரத்துக்குப் பேசும் றேடியோ) அன்ரெனாவின் பைபர் உறை கரும்புச் சக்கை போல நார்நாராகப் பிரிந்து தொங்கியது. உள்ளே செப்புக் கம்பியையே காணவில்லை. ஆவியாகிப் போயிருக்க வேண்டும். மின்னல் ஓடையின் வெப்பம் 30,000 பாகை அளவுக்குப் போகும், சாதாரண மின்னலிலும் 30,000 அம்பியர் பாயும் என்றால் அந்த மெல்லிய கம்பி என்ன செய்யும்? கம்பத்து விளக்கின் தாங்கியில் உருகி உறைந்த உலோக மணி ஒன்று கடுகளவில் ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் கூர்மையாகக் குத்தியது. அங்கிருந்து இரண்டு வழி பிரிந்திருக்கிறது. ஒன்று கம்பத்து விளக்கின் வயரில் சுவிட்ச் பலகைக்கு வந்து, பற்றரி நெகடிவ் வழியாக எஞ்சின் உடம்புக்குப் போய், கியர்பொக்ஸ், தண்டு, காத்தாடி (தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லர்) என்று இறங்கியது. மற்றது அன்ரெனாக் கேபிளில் விஎச்எஃப் பெட்டிக்கு வந்து, 24 ஐ 12 வோல்ட்டாகக் குறைக்கிற கன்வேட்டரை எரித்து, மீன் தேடும் கருவியின் வயரைப் பிடித்து, அடியில் பதித்திருக்கும் அதன் உணரி வழியாகக் கடலுக்குப் போயிருக்கிறது.

பைபர் படகில் இதுதான் தலையிடி. இரும்புப் படகென்றால் உடம்பே மின்சாரத்தைக் கடத்திவிடும். பைபருக்குள் மின்சாரம் ஓடாது; கிடைக்கிற வயர், குழாய், போல்ட் எல்லாவற்றையும் பிடித்துத் தாவித் தாவி இறங்கும். இறங்குகிற இடத்தில் பைபர் அடுக்குக்குள் கொஞ்சம் ஈரம் ஊறியிருந்தால் அது ஒரு நொடிக்குள் நீராவியாகி அடுக்கைப் பிளந்துவிடும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலை கூடிய கருவி வேண்டாம், ஒரு நாணயம் போதும். ஹெலிகொப்டர் இறக்கைக்கும் அதையேதான் செய்வோம். நாணயத்தின் விளிம்பால் ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் வந்ததும் சத்தம் செத்துப்போகும். துறைமுகத்தில் பகலில் இது முடியாது: ஐஸ் அரைக்கிற மெசின், லொறி, ஏலச் சத்தம். அதனால் படகைக் கரையேற்றிய பிறகு விடியற்காலையில் போய், நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டினோம். அவனுக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. காது என்னுடையதைவிட நல்லது. உணரியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மாறியது. அவன் பென்சிலால் வட்டம் போட்டான். நான் தட்டிப் பார்த்து அந்த வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். காத்தாடித் தண்டு வெளியே வருகிற குழாயைச் சுற்றிச் சுத்தமாக இருந்தது. சுக்கான் பக்கமும் அப்படியே.

உணரியைக் கழற்றியதும் அதன் துளை ஓரத்தில் கருப்பு வளையம். பைபர் வேலை செய்பவர் கிரைண்டரை வைத்ததும் முதல் அடுக்குக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துப்போன நார் வெளியே வந்தது. அதற்கு அடியில் ஈரம். அந்த நிலையில் கடலுக்குப் போயிருந்தால் உடனே மூழ்கியிருக்காது. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊறி, ஒரு நாள் காலை அடித்தட்டில் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரிந்திருக்கும். நல்ல அடுக்கு வரும்வரை அரைத்து, ஓரங்களைத் தடிப்பைப் போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சாய்த்து, விளக்கு வைத்துக் காய வைத்தோம். மழைக்காலத்தில் இந்தக் காய வைப்புத்தான் நேரத்தைத் தின்றது. ஈரத்தின் மேல் ரெசின் அடித்தால் அது ஒட்டுப் போட்டதாகவே கணக்கில்லை. வீட்டில் பைபர் வேலை செய்யப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்டையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹாட்னர்.

படகு கரையில் காய்ந்துகொண்டிருக்கும்போது வயரிங். விஎச்எஃப் றேடியோ, ஜிபிஎஸ், கன்வேட்டர், மீன் தேடும் கருவி: செத்தவை செத்தவைதான், அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தூரத்துக்குப் பேசுகிற எஸ்எஸ்பி றேடியோ ஒன் ஆனது, சத்தமும் வந்தது. ஆனால் அனுப்பும் சக்தி பாதிக்கும் கீழே. அதையும் கழற்றி வைத்துவிட்டேன். கரையிலிருந்து விஎச்எஃப் எட்டாத தூரத்தில் இந்தப் படகுகளுக்கு வீட்டோடு பேச அது ஒன்றுதான் இருக்கிறது.

வயர்களை 500 வோல்ட் மெகரால் பார்த்தேன்; வயரின் உறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் மீற்றர் அது, எண் குறைந்தால் கசிவு. கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மின்னல் விட்டதை மெகர் முடித்துவிடும். கம்பத்து விளக்கு வயர் 0.1 மெகாஓமுக்குக் கீழே கிடந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் ஊசி குத்தினது போல வரிசையாகத் துளைகள். வெளியிலிருந்து வெறும் தூசி மாதிரித்தான் தெரியும். கம்பத்திலிருந்து சுவிட்ச் பலகை வரை எல்லா வயரும் புதிது போட்டோம். பின்பக்க வயர்கள் 20 மெகாஓமுக்கு மேல் காட்டின, அவற்றை விட்டுவிட்டேன்.

அடுத்தது இணைப்புகளின் தடை. இதைச் சாதாரண மல்டிமீற்றரின் ஓம் பக்கத்தால் பார்க்க முடியாது, மீற்றரின் வயர்த் தடையே அதைவிடக் கூட. ஹாங்கரில் இதற்கென்று மில்லிஓம் மீற்றர் இருந்தது. இங்கே லொறியின் 70 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை எரியவிட்டேன். 24 வோல்ட்டில் அது சுமார் 3 அம்பியர் இழுக்கும். அந்த 3 அம்பியர் ஓடுகிற இணைப்பின் இரு பக்கத்திலும் மீற்றரை மில்லிவோல்ட்டில் வைத்தால், வருகிற எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிஓம். பற்றரி நெகடிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் 3 மில்லிவோல்ட் அளவுக்கு வர வேண்டிய இடத்தில் 20 காட்டியது. கேபிளின் முனைக் கண்ணை வெட்டிப் பார்த்தால் உள்ளே செப்பு இழைகள் கருகி, பாதி அறுந்திருந்தன. மேலே இருந்த ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சின் ஸ்டாட் ஆகும்போது கொஞ்சம் சோம்பலாக இருக்கிறதென்று ஓட்டி சொன்னதற்குக் காரணம் அதுதான். பற்றரி இறங்கிவிட்டதென்று அவர் நினைத்திருந்தார். பற்றரியிலும் ஒரு அறையில் அமிலத்தின் அடர்த்தி 1.150, மற்ற அறைகளில் 1.250. தொடராகப் போட்ட பற்றரியில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதையும் பழையது கெடுக்கும், இரண்டையும் மாற்றச் சொன்னேன். நானா பெருமூச்சு விட்டார்.

டைனமோ சார்ஜ் பண்ணியது. ஆனால் 27.5 க்கு மேல் போக வேண்டிய வோல்ட் 25 இல் நின்றது. மீற்றரை ஏசிக்கு மாற்றி அதே முனைகளில் வைத்தால் 1.4 வோல்ட், அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். டயோட் போய்விட்டதென்பதற்கு இதைவிட விரைவான சோதனை கிடையாது. கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விட வேண்டிய டயோட்களில் இரண்டு இரு பக்கமும் கடத்துகின்றன. டயோட் தட்டும் ரெகுலேட்டரும் மாற்றினோம்.

இனித்தான் நான் பயந்த இடம். எஞ்சினிலிருந்து காத்தாடிக்குப் போன மின்சாரம் கியர்பொக்ஸைத் தாண்டாமல் போயிருக்க வழியில்லை. கியர்பொக்ஸுக்கும் தண்டுக்கும் இடையில் ரப்பர் கப்லிங். அதன் போல்ட்களைக் கழற்றி முகத்தைத் துடைத்தபோது இரண்டு போல்ட் துளைகளின் ஓரத்தில் வெல்டிங் பொறி பட்டது போன்ற குழிகள். ரப்பரைத் தாண்ட முடியாமல் மின்சாரம் போல்ட்டுக்கு போல்ட் பாய்ந்திருக்கிறது. அப்படியென்றால் கியர்பொக்ஸின் வெளிவாயில் பெயரிங்கையும் அது தாண்டித்தான் வந்திருக்கிறது. பெயரிங் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருப்பது எண்ணெயின் ஒரு மெல்லிய படலம் மட்டும். அதைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாயும் இடமெல்லாம் உலோகம் ஒரு புள்ளி உருகும்.

கியர்பொக்ஸ் எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினோம். சுத்தமாக இருந்தது. நானாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா?" என்றார். நான் புது எண்ணெய் ஊற்றி, படகைத் தண்ணீரில் இறக்கி இறங்குதுறையில் இறுக்கிக் கட்டி, குறைந்த வேகத்தில் கியரில் போட்டுச் சில மணி நேரம் ஓட விடச் சொன்னேன். உருகின புள்ளி உடனே உடையாது. குண்டு அதன் மேல் லட்சக்கணக்கான தடவை உருண்ட பிறகுதான் செதிலாகப் பெயரும். ஹெலிகொப்டரில் இதற்காகவே கியர்பொக்ஸுக்குள் காந்த முனை வைத்திருப்பார்கள். துகள் ஒட்டினால் விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். மின்னலுக்குப் பிறகு எண்ணெய் மாதிரியும் ஆய்வுகூடத்துக்குப் போகும். எங்களிடம் இருந்தது பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தமும் பொலித்தீன் பையும்.

மறுபடி எண்ணெயை வடித்து, காந்தத்தைப் பையில் போட்டு அதற்குள் துழாவினேன். பையை வெயிலில் பிடித்துத் திருப்பியபோது அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு. நடுவில் மூன்று நான்கு செதில்கள் மினுங்கின. மருமகன் கைபேசியில் படம் எடுத்துப் பெருக்கி நானாவிடம் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இறக்குங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சுருக்கா என்ற சொல்லைச் சொல்லவில்லை.

பெயரிங்கை வெட்டித் திறந்தோம். வெளிவளையத்தின் ஓடுபாதையில், ஒரு பக்கத்தில் மட்டும், குண்டுகள் நின்றிருந்த இடைவெளியிலேயே வரிசையாகச் சாம்பல் புள்ளிகள். மின்னல் விழுந்த அந்த நொடியில் ஒவ்வொரு குண்டும் எங்கே இருந்ததென்று அச்சடித்து வைத்தது மாதிரி. இரண்டு புள்ளிகளில் செதில் பெயர்ந்து பள்ளம். பல்சக்கரங்களில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெயரிங்கும் சீலும் மாற்றினோம். இது ஆழ்கடலில், கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இறுகியிருந்தால் இன்னொரு படகு வந்து இழுக்கும்வரை மிதப்பதைத் தவிர வேறு வழியில்லை.

திசைகாட்டி கதை வேறு. படகில் வைத்தால் வடக்கை 20 பாகைக்கு மேல் பிழையாகக் காட்டியது. கழற்றிக் கொண்டுபோய் இரும்பில்லாத மணல் தரையில் வைத்தால் சரியாகக் காட்டியது. ஆக, பிழை படகில். மின்னல் ஓடிய இரும்பு காந்தமாகிவிடக்கூடும். ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டியின் அறை முழுக்கக் கொண்டு திரிந்தோம். திசைகாட்டி தாங்கியின் இரும்புத் தகடும் ஸ்டியரிங் தண்டும் ஊசியை இழுத்தன. காந்தம் நீக்க நகரத்தில் பழைய ரீவி திருத்துபவர் ஒருவரிடம் வளையச் சுருள் இரவல் வாங்கினேன். படக்குழாய் ரீவியில் நிறம் கலங்கினால் முன்பு அதைத்தான் சுழற்றுவார்கள். 230 வோல்ட்டில் போட்டு, பாகத்துக்குக் கிட்டப் பிடித்து, மெல்ல வட்டமடித்தபடி பின்னுக்கு நடந்து கை எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் நிறுத்த வேண்டும். கிட்டே வைத்து நிறுத்தினால் புதிதாகக் காந்தம் ஏற்றிவிடும். திசைகாட்டியை முன்கூட்டியே கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தகடு சரியானது, ஆனாலும் அதை எடுத்துவிட்டுப் பித்தளையில் போட்டேன். ஸ்டியரிங் தண்டு தடிப்பானது, வீட்டு மின்சாரச் சுருளின் வேலை அதன் மேல்தோலோடு நின்றுவிடும். கொஞ்சம் மிச்சமிருந்தது.

மிச்சத்தைத் தண்ணீரில் பார்த்தோம். காற்றில்லாத ஒரு காலை, ரவுண்ட் தீவின் வெளிச்சவீட்டையும் ஃபவுல் பொயின்ட் வெளிச்சவீட்டையும் ஒரே கோட்டில் பிடித்துப் படகை ஓட்டி, வரைபடத்தில் உள்ள கோணத்தோடு ஒப்பிட்டோம். பிறகு கோணேசர் கோயில் மலையை வைத்து வேறு திசைகளில். இந்தப் பக்கத்தில் பூமியின் காந்த விலகல் மூன்று பாகைக்குள்தான் என்பதால் கணக்கு சிக்கலில்லை. பிழை எந்தத் திசையிலும் நான்கைத் தாண்டவில்லை. அதை அட்டையில் எழுதி ஓட்டிக்கு முன்னால் ஒட்டினோம். "ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதுக்கு மாமா?" என்று மருமகன் கேட்டான். ஓட்டி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செய்மதிக் கண்காணிப்புக் கருவியில் நாங்கள் கை வைக்கவில்லை. அது முத்திரையிட்ட பெட்டி. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டு அடுத்த வருடம் எடுத்ததே, அந்தக் காலத்தில் ஆழ்கடல் படகுகளுக்குக் கட்டாயமாக வந்தது. அது சமிக்ஞை அனுப்பாவிட்டால் துறைமுகத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். கடற்றொழில் பரிசோதகரிடம் அறிவித்து, உரியவர்கள் வந்து மாற்றினார்கள். அதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் மின்னலுக்குப் புதிய வழி அமைத்தோம்.

கம்பத்தின் உச்சியில் அன்ரெனாவைவிட உயரமாக ஒரு கூரான செப்புக் கம்பி. அதிலிருந்து 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பு வயர், முடிந்தவரை நேராகக் கீழே. திரும்ப வேண்டிய இடத்தில் பெரிய வளைவாக. முழங்கை போல மடக்கினால் மின்னல் மடங்காது, வெளியே பாயும். டீசல் தாங்கியிலிருந்தும் மற்ற வயர்களிலிருந்தும் தள்ளி. அடியில் கடல்நீரில் நிற்கும்படி செப்புப் பட்டை. ஒரு சதுர அடிக்குக் குறையாத செப்பு வேண்டும் என்பது வழக்கமான அளவு. அதைச் சதுரத் தகடாகப் போடாமல் நீளப் பட்டையாகப் போட்டேன், மின்சாரம் பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் தண்ணீருக்குள் இறங்கும் என்பதால். அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. எஞ்சினையும் டீசல் தாங்கியையும் இதோடு இணைத்து, கப்லிங்கின் இரு பக்கத்தையும் ஒரு செப்புத் தூரிகை தண்டைத் தொடும்படி கட்டினேன். ஹெலிகொப்டரின் பின்னல் நாடாவுக்கு எங்கள் ஊர்ப் பதில் அது. கம்பத்தின் உயரம் எவ்வளவோ, அதைச் சுற்றி அவ்வளவு அரைவிட்டத்துக்குப் பாதுகாப்பு என்று தோராயமாகச் சொல்வார்கள். இந்தப் படகில் அது முன்னணியத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இடி கேட்டால் ஆட்களை முன்னுக்கு நிற்க விடாதீர்கள் என்று ஓட்டியிடம் சொல்லியிருக்கிறேன். கையில் பிடிக்கும் விஎச்எஃப் ஒன்றும் சிறிய ஜிபிஎஸ் ஒன்றும் மூடி இறுக்கமான பிஸ்கட் தகரத்துக்குள். தகரப் பெட்டிக்குள் இருப்பதை மின்னல் லேசில் கெடுக்காது.

கடல் சோதனையில் எண்ணெய் அழுத்தம், சூடு, தண்டின் அதிர்வு எல்லாம் ஒழுங்கு. அனுப்பும் சக்தி எவ்வளவு வீணாகத் திரும்பி வருகிறதென்று காட்டும் நிலையலை விகிதம், புது விஎச்எஃப் அன்ரெனாவில் 1.3, நல்ல அளவு. முதல் பயணம் கரையிலிருந்து விஎச்எஃப் எட்டும் தூரத்துக்குள், ஐஸ் பாதி மட்டும் என்று நானாவோடு பேரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். டீசல் காசுக்கே மீன் காணாது என்று முணுமுணுத்தார், ஆனாலும் போனார். திரும்பி வந்து கியர்பொக்ஸ் எண்ணெயைப் பார்த்தோம். காந்தத்தில் புது பெயரிங் பழகும்போது வருகிற மெல்லிய மாவு மட்டும், செதில் இல்லை. அதற்குப் பிறகுதான் முழு ஐஸ்.

ஹாங்கரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அட்டை இருக்கும், அது எந்த இயந்திரத்துக்குப் போனாலும் அட்டையும் கூடப் போகும். இந்தப் படகிலும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மின்னலுக்கு முன்பிருந்தே இருக்கும் பாகங்கள் எவை, மாற்றியவை எவை, எந்தத் திகதி. ஸ்டாட்டர் மோட்டார், எஞ்சினின் உள் பெயரிங்குகள், பின்பக்க வயர்கள் முதல் பட்டியலில் இருக்கின்றன. எஞ்சின் எண்ணெய் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வெட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் எறிய வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். நானா தன்னுடைய மற்றப் படகுக்கும் செப்புப் பட்டை போடச் சொல்கிறார். இந்தப் படகில் அந்தச் செப்பினால் காத்தாடிப் பக்கத்தில் மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கிற துத்தநாகக் கட்டி எவ்வளவு வேகமாகக் கரைகிறதென்று அடுத்த முறை கரையேற்றும்போது பார்த்துவிட்டு, கட்டியின் அளவைக் கூட்டுவதா என்று முடிவெடுத்த பிறகுதான் அதைத் தொடங்குவேன்.